தர்மத்துக்குக் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளுக்கு உதவி என்று சொல்லி நடக்கும் கார் றாலி ஒன்றில் சேர யோசிக்கிறீர்களா? நுழைவுக் கட்டணத்தைக் கட்டமுன் அலுமாரியைத் திறந்து காரின் காப்புறுதிப் பத்திரத்தை எடுங்கள். முன்பக்கத்தில் இருக்கும் பெறுமதியையும் திகதியையும் விட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதிவிலக்குகளை வாசியுங்கள். கார்ப் பந்தயம், வேகப் பரீட்சை, றாலி இவற்றில் ஓடும்போது வரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அங்கே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். என் பத்திரத்திலும் இருந்தது. ஒழுங்கு செய்தவர்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காப்புறுதி எடுத்துத் தந்த முகவரும் பேசவில்லை. நான் பட்டதை இங்கே எழுதுவது, அடுத்து போகிறவர்களுக்காவது யாரோ ஒருவர் சொன்னதாக இருக்கட்டும் என்றுதான்.

எங்கள் வீட்டில் இருப்பது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அப்பா வெள்ளவத்தையில் வாங்கினது. 948 சிசி இன்ஜின், ஸ்ரீ இலக்கத் தகடு. (அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்தை எதிர்த்து 1958இல் நடந்ததெல்லாம் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். தகடு மட்டும் இன்னும் காரில் இருக்கிறது.) கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குள் செய்தி சீக்கிரம் பரவும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டு நாள் றாலி, சேரும் காசு வடக்கிலே கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு என்று சொன்னார்கள். நுழைவுக் கட்டணம் 35,000 ரூபாய். அதைவிட ஒவ்வொரு காரும் குறைந்தது இரண்டு இலட்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவர், என் கணவர், தலையைச் சொறிந்தார். "கார் கல்கிசை வரைக்கும் போய் வந்தாலே நீர் கற்பூரம் கொளுத்துறனீர்" என்றார். நான் கேட்கவில்லை. அக்காவின் மகன் மொறட்டுவையில் படிக்கிறான், தம்பி என்றுதான் கூப்பிடுவேன், வழி பார்க்க அவன் வருவதாகச் சொன்னான். அப்படித்தான் பெயர் கொடுத்தோம்.

காசு சேர்க்கும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய அடி அங்கேதான் விழுந்தது. ஒழுங்கு செய்தவர்கள் தந்த படிவத்தில் "ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு" என்று உறுதிமொழி வாங்கும்படி இருந்தது. கேட்பதற்கு நல்ல உற்சாகமான முறை. கிலோமீற்றருக்கு 50 ரூபாய் என்றால் யாரும் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். கொழும்பு - யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், அப்படியென்றால் ஆளுக்கு 20,000. கந்தோரில் இருப்பவர்கள், கோயில் ஆட்கள், ரொறொன்ரோவில் இருக்கும் மாமா என்று தாள் நிறைந்தது. தாளில் இரண்டு இலட்சத்துக்கு மேலேயே இருந்தது. கையில் ஒரு சதமும் இல்லை. ஆனால் அதே படிவத்தின் கடைசியில், குறைந்தபட்சத் தொகைக்குக் கார்க்காரர்தான் பொறுப்பு என்று இருந்தது. கார் பாதியில் நின்றால் உறுதிமொழியும் பாதியில் நிற்கும், பொறுப்பு மட்டும் முழுதாக இருக்கும். இதை நிதி சேர்க்கிற எல்லாருக்கும் சொல்வேன்: தூரத்துக்குக் காசு கேட்காதீர்கள். முழுத்தொகையாகக் கேளுங்கள், பயணம் தொடங்கமுன்னமே வாங்குங்கள், இதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்து, தந்தவருக்கு அன்றே பற்றுச்சீட்டின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பயணம் முடிந்த பிறகு காசு கேட்பது கடன் கேட்பதைவிடக் கூச்சம் தருகிற வேலை.

காருக்குச் செலவழித்தது 1,40,000. நாலு ரயர், பிரேக் சூ, டைனமோ வேலை, காபரேற்றர் சுத்தம். தெஹிவளையில் பழைய கார் பார்க்கும் பாஸ் (மெக்கானிக்) ஒருவர்தான் செய்தார், கைராசியான மனிதர். ரயரும் பிரேக்கும் பார்க்கிற எல்லாரும் மறந்து விடுகிற சாமான் றேடியேற்றரின் றப்பர் குழாய்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஹீற்றர் இருந்தால் இன்னும் இரண்டு. வெளியிலே கறுப்பாக நன்றாகத்தான் தெரியும். விரலால் அமத்திப் பார்த்தால் கல்லாக இருக்கும், அல்லது சவ்வாக இருக்கும். இரண்டும் கூடாது. நாலு குழாயும் கிளிப்புகளும் மாற்ற சில ஆயிரம் ரூபாய்தான் முடியும். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல் மறுபடி திறக்கும் வரைக்கும் இங்கே பழைய கார்களை எல்லாரும் இழுத்துப் பிடித்து ஓட்டினோம், பழைய றப்பரோடேயே ஓட்டினோம்.

காலிமுகத்திடலில் காலை ஐந்தரைக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றோம். பிரமுகர் வரவேண்டும், கொடி அசைக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். வெளிக்கிட எட்டு மணி தாண்டிவிட்டது. இது சும்மா முறைப்பாடு இல்லை. விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டிருந்தால் நீர்கொழும்பைக் குளிரிலே கடந்து, வெயில் ஏற முன்னம் புத்தளம் போயிருக்கலாம். எட்டு மணிக்குப் பிறகு பேலியகொட, வத்தளை, ஜா-எல நெரிசலில் இந்தக் கார் நின்று நின்று ஊர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதன் காற்றாடி இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது, இன்ஜின் மெதுவாக ஓடினால் காற்றும் மெதுவாகத்தான் வரும். சூடு காட்டும் முள்ளும் இந்தக் காரின் டாஷ்போர்ட்டில் இல்லை. புறப்படும் நேரத்தை எழுத்தில் கேளுங்கள், பிரமுகர் வராவிட்டாலும் புறப்படுவார்களா என்று சேர்த்துக் கேளுங்கள்.

இந்த வகை றாலியில் வேகத்துக்குப் பரிசு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பொதுத் தெருவில் சட்டம் 50, 70 என்றுதான் விடும், ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியிலே 70. ஆகவே ஒரு சராசரி வேகத்தைச் சொல்லிவிட்டு, இடையிலே நேரச் சாவடிகள் வைப்பார்கள். பிந்தி வந்தாலும் புள்ளி குறையும், முந்தி வந்தாலும் குறையும். வழிப்புத்தகத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படமும் தூரமும் இருக்கும். எங்களுக்கு அதிலே முதல் தலையிடி, புத்தகம் கிலோமீற்றரில், மைனரின் மீற்றர் மைலில். 12.4 என்று புத்தகம் சொன்னால் எங்கள் மீற்றரில் 7.7. தம்பி ஒவ்வொரு தரமும் 1.6ஆல் பிரித்துக் களைத்து, கைபேசியில் வழி பார்க்கலாம் என்று வந்தான். அதற்குச் சார்ஜ் வேண்டும். அலுவலகத்தில் ஒரு பொடியன் பூட்டித் தந்த சிகரெட் லைட்டர் சொக்கற்றில் சார்ஜரைச் செருகினான். ஒரு சின்ன மணம், அவ்வளவுதான். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனைதான் காரின் பொடியோடு (இரும்பு உடலோடு) சேர்ந்திருக்கும், இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். இன்றைய சார்ஜர், றேடியோ எதையும் அப்படியே பூட்டினால் ஒன்றில் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் சாமான் போகும். பக்கத்துக் காரிலிருந்து கம்பி போட்டு ஸ்ராட் பண்ணுவதற்கும் இதே எச்சரிக்கை. உங்கள் பழைய காரில் எந்த முனை பொடியில் இருக்கிறது என்று பார்த்து பொனற்றுக்குக் கீழே பெயின்ரால் எழுதி வையுங்கள். கைபேசிக்குத் தனியாக ஒரு பவர்பாங் கொண்டு போங்கள். இரண்டு பேரின் கைபேசியையும் வழி பார்க்கவென்று திறந்து வைக்காதீர்கள், ஒன்று அணைந்தே இருக்கட்டும்.

மாதம்பையில் குதிரைச் சிலையடியில் எல்லாச் சாரதிகளும் செய்வதுபோல் இறங்கிக் காசு போட்டுக் கும்பிட்டோம். சிலாபத்துக்கு முன்னால் கார் இருமி நின்றது. பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, சாவி போட்டால் டிக் டிக் என்று கேட்கவேண்டும், கேட்கவில்லை. ஸ்பானரால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினதும் ஓடத் தொடங்கிவிட்டது. மைனர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. தம்பிதான், "சித்தி, கார் திருத்துறது இப்படித்தானா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு புத்தளம் வரைக்கும் இருந்தது.

புத்தளத்தில் சாப்பிட்டுவிட்டு அநுராதபுரம் றோட்டில் திரும்பினோம். கருவலகஸ்வெவ தாண்டி, ஒரு பக்கம் பற்றைக்காடு, ஆள் நடமாட்டம் இல்லை, வெயில் கண்ணைக் குத்துகிறது. பொனற்றின் இடுக்கால் ஆவி வந்தது. மேல் குழாய் வெடித்திருந்தது. தம்பி அவசரத்தில் றேடியேற்றர் மூடியில் கைவைக்கப் போனான், கத்தித்தான் நிற்பாட்டினேன். சூடான றேடியேற்றரைத் திறந்தால் கொதிநீர் முகத்துக்கு நேராகத்தான் வரும். அரைமணி, முக்கால்மணி காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. காத்திருந்தோம். குழாயைச் சைக்கிள் ரியூப் துண்டால் சுற்றி, பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கடையில் வாங்கின தண்ணீரை விட்டோம். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். வெறும் ஆபத்துக்கு விடலாம், ஆனால் பிறகு முழுதாகக் கழுவாவிட்டால் உள்ளே கல்லுப் படிந்துவிடும். போகும்போதே இரண்டு கலன் நல்ல தண்ணீர் கொண்டு போவது ஐந்து நிமிட வேலை. மறுபடி ஸ்ராட் செய்தபோது வெள்ளைப் புகை. ஒயில் மூடியைக் கழற்றினால் அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை. ஹெட் காஸ்கெற் (இன்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஒயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது. அந்த நிறத்தைக் கண்டால் இன்ஜினை உடனே நிற்பாட்டுங்கள். "கொஞ்சத் தூரந்தானே" என்று ஓட்டினால் ஹெட்டோடு முடிகிற செலவு இன்ஜின் முழுவதற்கும் போகும்.

இப்போது உதவி. வழிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு இலக்கம். அது கந்தோர்த் தொலைபேசி. சனிக்கிழமை பின்னேரம் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசிக் காருக்குப் பின்னால் உதவி வாகனம் வரும் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அது எங்களை எப்போதோ தாண்டிப் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது, நாங்கள் சிலாபத்தில் பம்ப் தட்டிக்கொண்டிருந்த நேரமாக இருக்கவேண்டும். கடைக்காரர் சிங்களத்திலும் அரைகுறைத் தமிழிலும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: பொழுதுபட முன்னம் போய்விடுங்கள், யானை றோட்டுக்கு வரும். வில்பத்துக் காட்டுப் பக்கம், அவர் பயம் காட்டச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகளுக்கு உதவப் போன இடத்தில் அக்காவின் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டில் விட்டிருக்கிறேனே என்ற எண்ணம் ஒன்றுதான் ஓடியது.

புத்தளத்திலிருந்து உப்பு ஏற்றிவந்த லொறி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் வயதான முஸ்லிம் மனிதர். "என்ன தங்கச்சி, இந்த நேரத்துல இங்க நிக்கிறீங்க?" என்று இறங்கினார். "நானா, கட்டி இழுத்து ஒரு கராஜ் மட்டும் விடுவீங்களா?" என்று கேட்டேன். கயிறு அவரிடமே இருந்தது. நொச்சியாகம வரைக்கும் இழுத்து வந்தார். மைனரில் பிரேக்குக்கு சேர்வோ (இன்ஜின் ஓடும்போது மிதிக்கு உதவும் சாமான்) இல்லாததால் இன்ஜின் ஓடாமலே பிரேக் பிடித்தது, புதிய காரில் அப்படி நம்பக்கூடாது, மிதி கல்லாக இறுகிவிடும். கயிற்றை இருட்டின அவசரத்தில் முன் பம்பரில் கட்டியிருந்தார்கள். அடிச்சட்டத்தில் கட்டவேண்டியது. பம்பர் வளைந்து, மட்காட்டையும் ஒரு பக்கம் நெரித்துவிட்டது. நானா காசு வாங்கவில்லை. "பிள்ளைகளுக்காகப் போறீங்க, அல்லாஹ் பாப்பான்" என்றார். அந்த இரண்டு நாளில் தர்மம் என்று நான் கண்டது அவரைத்தான்.

பம்பருக்குக் காப்புறுதியில் கேட்டேன். பார்க்க வந்த இளைஞன் கதவில் ஒட்டியிருந்த றாலி இலக்க ஸ்ரிக்கரைத்தான் முதலில் படம் எடுத்தான். "மிஸ், இது றாலியில நடந்ததா?" என்றான். ஆமென்றேன். அடுத்த வாரம் கடிதம் வந்தது, அந்தப் பொடி எழுத்து வரியின் இலக்கத்தைக் காட்டி மறுத்திருந்தார்கள். அதற்காகப் பொய் சொல்லச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். போகமுன் காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதி, இன்ன திகதியில் இன்ன பயணம், வேகப்போட்டி இல்லை, இதற்குக் காப்புறுதி செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சிலர் சிறு தொகை கூட்டி வாங்கிக்கொண்டு சேர்ப்பார்கள். மாட்டோம் என்றால் அதையாவது தெரிந்துகொண்டு போகலாம். காரை ஏற்றிவரும் லொறியின் கூலியையும் முன்னமே விசாரித்து வையுங்கள். இரவு எட்டு மணிக்கு நொச்சியாகமவில் நின்று விலை பேச முடியாது. கொழும்புக்கு ஏற்றிவர எனக்கு 55,000 முடிந்தது.

கார் கொழும்புக்குப் போக, நானும் தம்பியும் மறுநாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். முறிகண்டியில் பஸ் நின்றபோது கச்சான் வாங்கினேன், வாயில் வைக்க மனம் வரவில்லை. விழா ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். கார்கள் வருமென்று பிள்ளைகளைக் காலையிலேயே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கார்கள் வர மத்தியானம் ஆகிவிட்டது. கையில் கொடி, தலையில் விளம்பரம் போட்ட தொப்பி, வெயில். ஒரு சின்னப் பிள்ளை மயங்கிவிழப் பார்த்து ஆசிரியை தூக்கிக்கொண்டு போனார். பிறகு பெரிய காசோலை அட்டையோடு படம், கொப்பிப் பொதிகள், பேச்சு. ஒவ்வொரு கார்க்காரரும் ஒவ்வொரு பிள்ளையின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். பெற்றோரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. "ஏழைப் பிள்ளைகள்" என்று தலைப்புப் போட்டு அந்த முகங்கள் உலகம் முழுக்கப் போகப் போகின்றன, அவர்கள் வளர்ந்து அதைப் பார்ப்பார்கள். ஆசிரியையிடம் மெதுவாகக் கேட்டேன். "கொப்பி வந்தது நல்லது அக்கா. போன மாதமும் வேற ஆக்கள் கொப்பிதான் தந்தவை. எங்களுக்கு வேணுமெண்டது பெட்டைப்பிள்ளையளின்ர கக்கூசுக்குக் கதவு. ஆர் எங்களைக் கேட்டவை?" என்றார்.

இதுதான் என்னை வருத்துகிறது, கார் போனதுகூட இல்லை. 2011இல் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு ஒரு நடைபயணம் போனது பலருக்கு நினைவிருக்கும். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்ட என்று சொல்லித்தான் நடந்தார்கள், அந்த வைத்தியசாலை இன்று இருக்கிறது. 2016இல் மறுபடி நடந்தபோது காலி கராப்பிட்டிக்கு என்று சொன்னார்கள். காசு தந்தவன் போய்ப் பார்க்கலாம். "பிள்ளைகளுக்கு" என்று மட்டும் சொல்கிற இடத்தில் போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. ஆகவே கேளுங்கள்: எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் அல்லது எந்த வார்ட், என்ன சாமான், அதைக் கேட்டு அவர்கள் தந்த கடிதம் இருக்கிறதா. அமைப்பு 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்க, தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதியும் சட்டத்தின் கீழோ, கம்பனிச் சட்டத்தின் கீழோ பதிவானதா, பதிவு இலக்கம் என்ன. நுழைவுக் கட்டணம் எதற்குப் போகிறது, சேர்த்த காசு எதற்குப் போகிறது, இரண்டும் ஒரே கணக்கில் விழுகிறதா. விழா, ரீசேட், இரவுச் சாப்பாடு யார் செலவு. வைத்தியசாலைக்கு என்றால் கருவியை வாங்கமுன் பணிப்பாளரின் எழுத்து வேண்டும், வாங்கிக் கொண்டுபோய் இறக்கினால் மூலையில் கிடக்கும். புற்றுநோய் வார்ட்டுக்குப் பஞ்சுப் பொம்மை கொண்டு போகாதீர்கள், கிருமிக்குப் பயந்து உள்ளே விடமாட்டார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு மட்டக்களப்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் பிள்ளையைக் கொண்டுவந்து மாதக்கணக்கில் நிற்கிற தாய்மாருக்கு பஸ் காசும் சாப்பாடும்தான் பெரிய விஷயம்.

உறுதிமொழிக் காசுக்கு வருகிறேன். கார் ஓடினது 160 கிலோமீற்றர். ரொறொன்ரோ மாமா கணக்குப் பார்த்து அதற்கு மட்டும் அனுப்பினார், அவர் பிழை இல்லை, நான் கேட்டதே அப்படித்தான். சிலர் முழுதும் தந்தார்கள். சிலர் இன்றுவரை என் செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள், லிஃப்டில் கண்டால் கைபேசியைப் பார்ப்பார்கள். வந்தது 1,22,000. மிச்சம் 78,000 நான் போட்டேன். கட்டணம், கார் வேலை, லொறி, ஹெட் திருத்த 85,000, பம்பருக்கு 30,000 எல்லாம் கூட்டினால் என் கையால் போனது 4,23,000. இவர் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காசுக்கு எத்தனை கதவு என்று நானே மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்த 1,22,000 கார் என்றபடியால்தான் வந்தது. கக்கூஸ் கதவுக்கு என்று தாளை நீட்டியிருந்தால் கந்தோரில் பாதிப்பேர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். காரும் கொடியும் மனிதருக்கு வேண்டித்தான் இருக்கிறது. அதனால் றாலியே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒழுங்கு செய்தவர்களிடம் கணக்குக் கேட்டு மின்னஞ்சல் போட்டேன். காசோலை அட்டைப் படம் திரும்பி வந்தது. கதவு விஷயத்தைக் கோயிலில் ஒரு அண்ணையிடம் சொன்னேன், அவர் யாழ்ப்பாணத்தில் தச்சு வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து, அதிபரோடு பேசி, கதவும் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. இவ்வளவுக்கு 4,23,000இல் பத்தில் ஒரு பங்கும் முடியவில்லை.

அடுத்த றாலிக்கு வேறு ஒரு குழு கூப்பிட்டிருக்கிறது, இந்தமுறை மட்டக்களப்புக்கு. மேலே எழுதின கேள்விகளை எல்லாம் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். உதவி வாகனத்தின் கைபேசி இலக்கமும் ஓட்டுபவரின் பெயரும் உடனே வந்தன. கட்டணமும் நன்கொடையும் வேறு வேறு கணக்கு என்றும் எழுதியிருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம், என்ன சாமான் என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. பாஸ் புதிய குழாய்களும் சூடு காட்டும் முள்ளும் போட்டுக் காரைத் தந்துவிட்டார். கட்டணம் இன்னும் கட்டவில்லை.